புள்ளி மறையும் வயது

கேள்வி: எனக்கு 43 வயது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் என்னை ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்டுவிட்டான். அன்று முழுக்க வேலையே ஓடவில்லை. மனசுக்குள் எனக்கு இன்னும் 25 தான். இளமை எந்த வயதில்தான் முடிகிறது சார்?

பதில்: நம் முன்னோர் பெண்ணின் பருவத்தை ஏழாகப் பிரித்தார்கள். பேதையில் தொடங்கி பேரிளம்பெண்ணில் முடியும் கணக்கு அது. கடைசிப் பருவம் 32 முதல் 40 வரை. அதற்கு மேல் பெயரே வைக்கவில்லை. நீங்கள் மூன்று வருடமாகப் பெயரில்லாத பருவத்தில் இருக்கிறீர்கள், பையன் பாவம் ஏதோ ஒரு பெயரைத் தேடியிருக்கிறான். அந்தக் கடைசிப் பெயருக்குள்ளும் ‘இளம்’ என்று செருகி வைத்தவர் யாரோ, அவருக்கு வீட்டில் நல்ல அனுபவம் இருந்திருக்க வேண்டும்.

எனக்கும் 43இல்தான் மணி அடித்தது. அப்போது ஒரு பத்திரிகையில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். முதலில் காணாமல் போனது எழுத்துகளின் தலையில் இருக்கும் புள்ளி. ‘க்’ எது, ‘க’ எது என்று தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். அப்புறம் இன்னும் தள்ளி. விளக்கு சரியில்லை என்றேன், அச்சு மங்கல் என்றேன். வெள்ளெழுத்து என்று மட்டும் சொல்லவில்லை. ஒரு நாள் கை நீளம் போதவில்லை. மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி நின்றதைக் கவனிக்காமல் விட்டேன். கொட்டை எழுத்தில் ‘திருமன வாழ்த்து’ என்று அச்சாகிவிட்டது. ஆசிரியர் திட்டவில்லை. “கண்ணாடி போட்டுக்கொள்ளுங்களேன்” என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருக்கலாம்.

கண்ணாடிக் கடைக்காரர்தான் விளக்கினார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக விறைத்துக்கொண்டே வருகிறதாம். 10 வயதில் 7, 8 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் படிக்க முடிந்தது, 60இல் கண்ணாடி இல்லாமல் ஒரு மீட்டர் கேட்கும். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: இளமை முடிகிற நாள் என்று ஒன்று இல்லை. நாம் பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோதே கண் முதுமையைத் தொடங்கிவிட்டது. நமக்குத் தகவல் வந்ததுதான் 43இல்.

கேள்வி: ஒரு நரைமுடியைப் பிடுங்கினால் பத்து முளைக்கும் என்கிறார்களே?

பதில்: முளைக்காது. ஒரு வேருக்குப் பெரும்பாலும் ஒரு முடிதான். நிறம் கொடுக்கும் செல்கள் அந்த வேரில் ஓய்ந்துவிட்டதால் மறுபடி வருவதும் வெள்ளையாகத்தான் வரும். பக்கத்து வேர்கள் தங்கள் நேரம் வரும்போது நரைக்கின்றன, பழி உங்கள் விரலுக்கு. திரும்பத் திரும்பப் பிடுங்கினால் வேர் கெட்டு அந்த இடம் வெறுமையாகலாம். வெள்ளையாவது இருக்கட்டும்.

கேள்வி: வயது 66. தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. இனிமேல் உடற்பயிற்சி செய்து என்ன ஆகப்போகிறது?

பதில்: நிறைய ஆகும். 1990இல் அமெரிக்காவில், முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய 10 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி. முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. அவர்களைவிட நீங்கள் கால் நூற்றாண்டு இளையவர். மருத்துவரைக் கேட்டுவிட்டு, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதிலிருந்து தொடங்குங்கள். நான் பத்துத் தடவையில் தொடங்கினேன். அதில் நான்கு ஏமாற்று வேலை.

கேள்வி: பழைய புகைப்படங்களைப் பார்த்தால் அழுகை வருகிறது. இளமை போனதைவிட, அதை அனுபவிக்காமலே விட்டேனே என்றுதான்.

பதில்: என்னிடமும் ஒரு படம் உண்டு. 24 வயதில், வேலைக்கு விண்ணப்பிக்க எடுத்தது. வந்த அன்றே அதை அகராதிக்குள் ஒளித்தேன். காது ரெண்டும் கதவு திறந்த மாதிரி நிற்கிறதே என்று. எனக்கு இப்போது 68. போன மாதம் அகராதியைத் தூசி தட்டியபோது படம் விழுந்தது. எவ்வளவு அழகான பையன்! அந்தக் காதைக் குறை சொல்ல எனக்கு எப்படி மனசு வந்தது என்று தெரியவில்லை. வயது ஏற ஏறக் காதும் நீளும், ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டர் போல. ஆக இப்போது நிலைமை இன்னும் மோசம்.

உங்கள் அழுகையை நிறுத்த என்னிடம் மருந்து இல்லை. அழுதுவிட்டுப் போங்கள். ஆனால் இந்தப் பத்தியின் தலைப்பில் போட ஆசிரியர் என் புதுப் படம் ஒன்று கேட்டிருக்கிறார். எடுத்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை. அகராதிக்குள் வைத்திருக்கிறேன்.