அக்கா பெயரில் ஒரு பாஸ்புக்

கேள்வி: 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் நம்ம சீமை வெள்ளையம்மாளாகவே பத்மினி வாழ்ந்து காட்டினார். அதே படத்தில் தங்கை ராகினியும் வருகிறார். ராகினிக்கும் லலிதாவுக்கும் பத்மினியின் உடன்பிறப்பு என்பதைத் தவிர வேறு என்ன தகுதி?
— வாசகர் ஒருவர், கயத்தாறு.

பதில்: கேள்வியில் வரிசையே தப்பு, அண்ணாச்சி. மூத்தவர் லலிதா. பத்மினிக்கு ஒன்றரை வயது முந்திப் பிறந்தவர். நடனக் கலைஞர் உதயசங்கரின் 'கல்பனா' படம் 1948இல் வந்தபோது அக்காவும் தங்கையும் சேர்ந்தே ஆடினார்கள். அதே வருடம் ஏவி.எம்.மின் 'வேதாள உலக'த்திலும் ஆடினார்கள். பத்மினி கதாநாயகியாகப் பெயர் எடுப்பதற்கு முன்பே லலிதா–பத்மினி என்று சேர்த்துச் சொல்வது பழக்கமாகிவிட்டது. தங்கையின் தயவில் அக்கா வந்தார் என்பதற்கு அங்கே இடமே இல்லை.

ஜோடியாக ஆடுவது தனியாக ஆடுவதைவிடக் கஷ்டம். ஒருத்தியின் கை எந்த உயரத்தில் நிற்கிறதோ, அடுத்தவள் கையும் அதே உயரத்தில் நிற்க வேண்டும். ஒருத்தி அரை அடி முந்தினாலும் இரண்டு பேர் ஆட்டமும் கெட்டுப்போகும். இதில் யார் முக்கியம், யார் துணை என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

சரி, நடிப்புக்கு வருவோம். 1954இல் வந்த 'தூக்குத் தூக்கி'யில் மூன்று பேரும் இருக்கிறார்கள். பத்மினிக்கு இளவரசி வேடம். 'கொலையும் செய்வாள் பத்தினி' என்ற வாக்கை மெய்யாக்குகிற மனைவியாக, கட்டிய கணவனுக்கே துரோகம் செய்கிறவளாக நடித்தவர் லலிதா. கொட்டகையில் ஜனங்கள் வாய்விட்டுத் திட்டுகிற வேடம் அது. அதை அரைமனதாகச் செய்திருந்தால் கதையே நின்றிருக்காது. அதற்கு முந்தின வருடம் 'தேவதாஸ்' படத்தில் சந்திரமுகியாக வந்தவரும் இதே லலிதாதான். பார்வதியாக சாவித்திரி நடித்த படத்தில் சந்திரமுகியும் மனதில் நிற்கிறாள் என்றால் அது சிபாரிசால் நடக்கிற காரியமா? என்னைக் கேட்டால், லலிதாவுக்குத் தமிழ் சினிமா இன்னும் நாலைந்து நல்ல வேடம் கடன்பட்டிருக்கிறது.

ராகினி பத்மினியைவிட ஐந்து வயது இளையவர். 1958இல் 'உத்தம புத்திரன்', 1959இல் நீங்கள் சொல்கிற கட்டபொம்மன், இரண்டிலும் அக்காவோடு ஒரே படத்தில் நடித்தார். கட்டபொம்மனில் அவர் பெயர் சுந்தரவடிவு. வேடம் சின்னதுதான், மறுக்கவில்லை. அக்கா எதிரே நிற்க, அவரைப்போல நடித்துக் காட்டத் துடிக்காமல் தன் வேடத்துக்கு வேண்டியதை மட்டும் செய்வது லேசான வேலை இல்லை. பேர்பெற்ற அக்காளுக்குப் பின்னால் பிறந்த தங்கச்சிகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இந்தக் கேள்வி நம்ம பக்கத்திலிருந்து வந்ததுதான் எனக்கு வருத்தம். போன மாதம் முக்கூடலில் ஒரு வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அக்காளும் தங்கச்சியும் ஆளுக்கொரு சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா இலையை வெட்டிப் போடுகிறாள். தங்கை தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்குகிறாள். இலை தீர்ந்ததும் அக்காவும் சுற்ற உட்கார்ந்துவிடுகிறாள். கண் டிவியில் இருக்கிறது, விரல் நிற்கவில்லை. இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டிச் சாயங்காலம் பீடிக் கடையில் கொண்டுபோய்ப் போட்டால், கணக்கு அக்கா பெயரில் உள்ள பாஸ்புக்கில் ஏறுகிறது. தங்கை பெயரில் புத்தகம் கிடையாது. இருபது வருடமாகச் சுற்றுகிறாள், பி.எப். இல்லை. "எம்பேருல ஒண்ணுமே இல்ல சார், வெரலுதான் காச்சுப்போச்சு" என்று கையை விரித்துக் காட்டினாள். ஆள்காட்டி விரல் ஓரம் தோல் தடித்து மஞ்சளாகிக் கிடந்தது.

உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்த விரல்தான் ஞாபகத்துக்கு வந்தது. கணக்கு ஒருத்தி பெயரில் ஏறிவிட்டதால் மற்றவள் வேலையே செய்யவில்லை என்று நாமும் எழுதிவிடக் கூடாது.

அப்புறம், லலிதா, பத்மினி, ராகினி மூவரும் நமக்கு அந்நியமும் இல்லை. திருவனந்தபுரம் பூஜப்புரையில் வளர்ந்தவர்கள். ஊர் ஊராகத் 'திருவாங்கூர் சகோதரிகள்' என்று பெயர் பரவிய காலத்தில் நம்ம செங்கோட்டையும் திருவாங்கூரில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் அது திருநெல்வேலி ஜில்லாவோடு சேர்ந்தது. அவர்கள் வீட்டிலேயே வளர்ந்த உறவுக்காரப் பெண், நடிகை சுகுமாரி, நாகர்கோவிலில் பிறந்தவர்.

பத்மினிக்கு 1961இல் கல்யாணம் ஆனது. 'தில்லானா மோகனாம்பாள்' அதற்கு ஏழு வருடம் கழித்து வந்த படம். அந்தப் பெருமையில் நான் ஒரு குன்றிமணிகூடக் குறைக்கமாட்டேன். ஆனால் ராகினி 1976இல், நாற்பது வயதுகூட நிறையாமல், புற்றுநோயில் போய்விட்டார். லலிதா 1982இல் போனார். பத்மினி 2006 வரை இருந்தார். அமெரிக்காவில், நியூஜெர்சியில், அவர் நடனப் பள்ளி தொடங்கியது 1977இல். கூட ஆடிய தங்கை போய் மறுவருடம்.