பதில்: டிப் தொட்டதும் ஈ.கோலை நகந்துடுது, படம் பூரா கோடு கோடா வருது

ஏஎஃப்எம்-ல (டிப்புங்கற நுண்ணிய ஊசி முனையால தடவிப் படம் எடுக்கற மைக்ராஸ்கோப்) ஈ.கோலை பாக்டீரியா நகருதுன்னு கேட்டிருந்தீங்க. செல்லை ஒட்ட வெக்கறப்ப பிபிஎஸ் (உப்புக் கலந்த பாஸ்பேட் பஃபர் கரைசல்) வேண்டாமுங்க. ஜெலட்டின் பூசின மைக்காத் தகட்டுல (அப்ரகம்) செல்லு புடிச்சு நிக்கறதே பெரும்பாலும் மின்னூட்ட இழுப்புலதான், உப்பு ஜாஸ்தியாச்சுன்னா அந்த இழுப்பு மங்கிப் போயிரும், அப்பறம் ஏஎஃப்எம் டிப் உரசுனா செல்லு அதுகூடவே போகாம என்ன பண்ணும்.

1. செல்லை மெதுவா சென்ட்ரிஃப்யூஜ் பண்ணுங்க (வேகமாச் சுத்துனா மேல இருக்கற பிலை, ஃபிளஜெல்லாங்கற மயிர் மாதிரி இழையெல்லாம் பிஞ்சுரும், அப்பறம் எந்த மேற்பரப்பைப் படம் எடுக்கறது?), உப்புக் கம்மியான பஃபர்ல கழுவி மைக்கா மேல சொட்டு வுட்டு அரை மணி நேரம் வெச்சு அலசிருங்க, காய மட்டும் வுட்றாதீங்க.

2. டிப்பை எறக்கறதுக்கு முன்னாடி ஆப்டிகல் மைக்ராஸ்கோப்ல பாருங்க. ஒரு முனை மட்டும் ஒட்டிக்கிட்டு ஆடுச்சுன்னா ஸ்கேன் பண்றதே வேஸ்ட்டுங்க.

3. ஆடலைன்னாலும் நகருதா, அப்ப விசைதான். ஸ்பிரிங் மாறிலி 0.1 நியூட்டன்/மீட்டருக்குக் கீழ இருக்கற மெத்துனு கேன்டிலீவர் (டிப்பைத் தாங்கற வளையற பட்டை) போட்டு விசையை 1 நானோநியூட்டனுக்குள்ள வெச்சுக்குங்க.

ஜெலட்டினுக்குப் பதிலா பாலி-எல்-லைசின் பூசச் சொல்லுவாங்க, கெட்டியா ஒட்டும்தான், ஆனா செல்லோட சவ்வையே கெடுக்க வாய்ப்பு இருக்கு, எனக்கு அதுல நம்பிக்கை இல்லீங்க. உப்பில்லாத தண்ணில ரொம்ப நேரம் இருந்தாலும் செல்லுக்கு ஆகாது, ஸ்கேன் முடிஞ்சதும் புரோப்பிடியம் அயோடைடு சாயம் போட்டுப் பாருங்க, செவப்பா ஒளிர்ந்தா செத்த செல்லைத்தான் படம் எடுத்திருக்கீங்க.

பீளமேட்டுல பட்டறைக்குப் பக்கத்து லேப்னு வேற சொல்றீங்க, அதிர்வு வந்துரும், லேத்து ஓடுற நேரத்துல ஸ்கேன் வேண்டாமுங்க.