31 பாடல்கள் போதுமா?

கேள்வி: வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். கல்லூரி விடுதியில் அறிமுகமான ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக்கின் பாடல்களை இன்றுவரை விடாமல் கேட்டு வருகிறேன். "சின்ன வயதிலேயே மனம் ஒடிந்து இறந்தவரின் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சோகம் உனக்கும் ஒட்டிக்கொள்ளும்" என்கிறார்கள் வீட்டில். ஒரே பாடகரிடம் இப்படி நின்றுவிடுவது சரியா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: சரிதான். வீட்டாரின் கவலை அன்பிலிருந்து வருவது. ஆனால் அது அவருடைய வாழ்க்கையைப் பற்றியதே தவிர, பாடல்களைப் பற்றியதன்று. 1948இல் ரங்கூனில் பிறந்து இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் வளர்ந்த டிரேக், 1969க்கும் 1972க்கும் இடையில் மூன்றே இசைத்தட்டுகளை, மொத்தம் 31 பாடல்களை, வெளியிட்டார். மனச்சோர்வு நோயால் அவதிப்பட்டு, 1974 நவம்பரில் 26 வயதில் காலமானார். மேடை ஏறுவதையே தவிர்த்தவர் என்பதால், அவர் பாடுவதைக் காட்டும் அசையும் படம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. இவற்றை அறிந்துகொண்ட பலர் அவருடைய ஒவ்வொரு பாட்டையும் மரண வாக்குமூலமாகவே கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். அது அவருடைய உழைப்புக்கு இழைக்கும் அநீதி என்றே நான் நினைக்கிறேன்.

முதல் தட்டில் உள்ள 'ரிவர் மேன்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கத்தியப் பாடல்கள் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையில் நடக்க, இது ஐந்தில் நடக்கிறது. கர்நாடக இசையில் ஐந்தாக எண்ணும் கண்ட நடைக்குப் பழகிய நம் காதுக்கு அதில் அந்நியம் எதுவும் தெரியாது. கிட்டார் அந்த ஐந்தை இம்மியும் பிசகாமல் காத்துக்கொண்டிருக்க, குரல் மட்டும் சற்றுப் பின்தங்கி, அவசரமே இல்லாமல் வந்து சேர்கிறது. வயலின்களும் செல்லோக்களும் நடுவில் மெல்ல எழுந்தாலும் அந்தக் குரலை மூடிவிடுவதில்லை. தொடையில் தாளம் தட்டிக்கொண்டே கேட்டால், குரல் எங்கே தாளத்தை விட்டு மிதக்கிறது, எங்கே வந்து பிடித்துக்கொள்கிறது என்பது கைக்கே தெரிந்துவிடும். இது மனம் தளர்ந்தவரின் தடுமாற்றம் அன்று. சாதகம் செய்து தேறிய கையின் கணக்கு. ஒரு கண்ணி பிசகினாலும் கண்டுபிடித்துவிடும் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது தட்டை அவர் 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில் பதிவு செய்தார். ஒரு பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ. மற்றபடி குரலும் கிட்டாரும்தான். அந்தக் காலத்து மோஸ்தர் எதுவும் அதில் இல்லாததால், பழசாகிப் போவதற்கும் அதில் எதுவும் இல்லை. உயிரோடிருந்தபோது சில ஆயிரம் பிரதிகளே விற்ற அந்தப் பாடல்களை, 1999இல் ஒரு கார் விளம்பரத்தின் வழியாகப் புதிய தலைமுறை ஒன்று தேடிப் போனதும், இன்று இண்டி ஃபோக் (பெரிய நிறுவனங்களைச் சாராத நாட்டுப்புறப் பாணி இசை) பாடுகிறவர்கள் பலர் அவரைத் தங்கள் மூத்தவராக மதிப்பதும் இதனால்தான்.

ஆகவே, நீங்கள் எங்கும் நின்றுவிடவில்லை. இருபது வயதில் சொற்களுக்காகக் கேட்டவர் நாற்பதில் விரல்களுக்காகக் கேட்பார். பாட்டு அதேதான், கேட்பவர் வேறு. ஏதாவது ஒரு நாள் கேட்கும்போது மனம் உண்மையிலேயே கனத்தால், அன்றைக்கு நிறுத்திவிட்டு வீட்டாரிடம் பேசுங்கள். அந்தக் கனம் நீடித்தால் மருத்துவரிடம் போகத் தயங்காதீர்கள். வீட்டாருக்குப் போட்டுக்காட்ட ஏற்றது இரண்டாவது தட்டு. டிரம்ஸும் சாக்ஸபோனுமாக, வெயில் அடிப்பதுபோல் இருக்கும்.

கேள்வி: கிட்டார் பழகும் கல்லூரி மாணவி நான். டிரேக்கின் 'பிங்க் மூன்' பாடலை எத்தனை முறை முயன்றும் அவர் வாசித்ததுபோல் ஒலிக்கவில்லையே, ஏன்?
– வாசகி, ஏற்காடு

பதில்: குறை உங்கள் விரலில் இல்லை, சுருதியில் இருக்கிறது. வழக்கமான சுருதியில் அவர் வாசித்தது குறைவு. இந்தப் பாட்டுக்குத் தடித்த கம்பியிலிருந்து தொடங்கி சி, ஜி, சி, எஃப், சி, ஈ என்று கூட்ட வேண்டும். இரண்டாவது கம்பியை மட்டும் அரைச்சுரம் ஏற்றி, முதல் கம்பியை அப்படியே விட்டு, மற்ற நான்கையும் இறக்குங்கள். ஆறாவது கம்பி இரண்டு முழுச்சுரம் இறங்குவதால் தொய்ந்து, கட்டைகளில் உரசி இரையும். அதற்கு மட்டும் இன்னும் தடித்த கம்பி போட்டால் சரியாகிவிடும். உங்கள் ஊர்ப் பனியில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வையுங்கள்.