மாலை போட்டால் விட முடிகிறது, கழற்றினால் முடியவில்லை: ஹிப்னோதெரபி உதவுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். 18 வருடமாகச் சிகரெட் பிடிக்கிறேன், இப்போது ஒரு நாளைக்கு 14. ஒவ்வொரு கார்த்திகையிலும் சபரிமலைக்கு மாலை போடும் 48 நாள் ஒன்றுகூடத் தொடமாட்டேன். மாலை கழற்றிய அன்றைக்கே மறுபடி ஆரம்பித்துவிடுகிறது. ஒரே சிட்டிங்கில் ஹிப்னாடிசம் மூலம் சிகரெட்டை மறக்கடிப்பதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். போகலாமா? அடுத்த மாலைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதுவரை பொறுத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 48 நாள்தான். வருடா வருடம் ஏழு வாரம் சிகரெட் இல்லாமல் இருந்து காட்டுகிறவர் நீங்கள். விடுவது உங்களுக்குக் கைவந்த வேலை. விட்டதைத் தக்கவைப்பதில்தான் சிக்கல்.

உடம்பின் கணக்கை முதலில் பார்ப்போம். ரத்தத்தில் இருக்கும் நிகோடின் பாதியாகக் குறைய சுமார் 2 மணி நேரம் போதும். நிறுத்திய முதல் சில நாளில் எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை எல்லாம் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 4 வாரத்தில் அடங்கிவிடும். அப்படியென்றால் மாலை கழற்றும் நாளில் உங்கள் உடம்பு நிகோடின் கேட்டுத் தவித்துக்கொண்டிருக்கவில்லை. பின்னே எது உங்களைக் கடைக்கு இழுத்தது?

மாலை போட்டிருக்கும்போது என்னவெல்லாம் மாறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். விடியும் முன்னே எழுந்து பச்சைத் தண்ணீரில் குளியல். உடுத்தும் துணி வேறு, காலில் செருப்பில்லை. கம்பெனியில் எல்லோரும் உங்களைச் 'சாமி' என்று கூப்பிடுகிறார்கள். டீக்கடையில் கூட்டாளி பெட்டியை நீட்டுவதில்லை, தவறி நீட்டினால் அவரே நாக்கைக் கடித்துக்கொள்கிறார். ஒன்று பிடித்தால் என்ன என்று நீங்கள் உங்களோடு வாதாடுவதே இல்லை, ஏனென்றால் சாமி சிகரெட் பிடிப்பதில்லை. பழக்கத்தை மாற்றுவது பற்றி நாங்கள் ஆலோசனை அறையில் சொல்லிக் கொடுக்கும் விஷயங்கள் கிட்டத்தட்ட முழுவதும் இதற்குள் இருக்கின்றன. தூண்டுகிற சூழல் மாறுகிறது, சுற்றியிருப்பவர்கள் துணை நிற்கிறார்கள், 'நான் யார்' என்பதே மாறுகிறது.

இதில் ஒரே ஓட்டை, முடியும் தேதி. மலையிலிருந்து இறங்கினால் பிடிக்கலாம் என்று மனம் முதல் நாளே குறித்து வைத்துக்கொள்கிறது. மாலையைக் கழற்றும்போது 'சாமி'யும் கழன்றுவிடுகிறார். பழைய சட்டை, பழைய டீக்கடை, பழைய கூட்டாளி எல்லாம் அப்படியே காத்திருக்கின்றன. இன்னொன்று, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய எளிய பழக்கம் யோசிக்காமலே வரும் நிலையை எட்ட சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. 48 நாளோடு வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவதற்கில்லை.

சரி, ஹிப்னாடிசத்தை வைத்துச் செய்யும் சிகிச்சையான ஹிப்னோதெரபிக்கு வருவோம். அறிதுயில் என்று தமிழில் சொன்னாலும் அதில் தூக்கம் கிடையாது. உடம்பு தளர்ந்து, கவனம் ஒரே இடத்தில் குவிந்து, சொல்லப்படும் வார்த்தைகளை வழக்கத்தைவிட எளிதாக ஏற்றுக்கொள்ளும் நிலை அது. ஃபேன் சத்தம் கேட்கும், வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிடலாம், பிடிக்காத கருத்தை மறுக்கலாம். யாரும் உங்கள் நினைவிலிருந்து சிகரெட்டை அழிக்க முடியாது. எல்லோருக்கும் ஒரே அளவில் அது வேலை செய்வதும் இல்லை. சிலர் சட்டென்று ஆழ்ந்துபோவார்கள், சிலருக்கு ஒன்றுமே நடக்காது, பெரும்பாலானவர்கள் நடுவில் இருப்பார்கள்.

வலியைக் குறைப்பதில் ஹிப்னாசிஸுக்குப் பழைய வரலாறு உண்டு. 1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், அதன் முன்னோடியான மெஸ்மரிசத்தை வைத்து நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சைகள் செய்தார். ஈதர், குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்துகள் வந்தபிறகு அது ஓரம் போனது. ஆனால் சிகரெட் விஷயத்தில் ஆதாரம் அவ்வளவு பலமாக இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மற்ற ஆலோசனை முறைகளைவிட ஹிப்னோதெரபி மேலானது என்று சொல்லத் தெளிவான ஆதாரம் அதற்குக் கிடைக்கவில்லை. எனவே ஒரே சிட்டிங், கேரண்டி என்று சொல்லும் இடத்துக்குப் போகவேண்டாம் என்பேன். போயே தீரவேண்டும் என்று தோன்றினால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். சிகரெட் நிறுத்தியபின் எத்தனை முறை தொடர்ந்து பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் கிளம்பிவிடலாம். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்றவை இருந்தால் முதலில் மனநல மருத்துவரின் சம்மதம் வேண்டும்.

ஆனாலும் நான் ஹிப்னாசிஸை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அதை ஒத்திகையாகப் பயன்படுத்துங்கள், அதில்தான் அதன் உண்மையான பயன் இருப்பதாக நினைக்கிறேன். இரவு படுக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மல்லாந்து படுத்து, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே பாதத்திலிருந்து தலைவரை ஒவ்வொரு இடமாகத் தளர்த்துங்கள். பிறகு நாளைக்கு உங்களுக்கு மிகக் கஷ்டமான நேரத்தை மனதில் கொண்டுவாருங்கள். மாலை ஷிப்ட் இடைவேளை, டீக்கடை, பாய்லர் ஆவி, கையில் சூடான கிளாஸ், பக்கத்தில் புகை. விரல் தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. அந்த இடத்தில் நிறுத்துங்கள். கை திரும்பி வந்து கிளாஸை இரண்டு கையாலும் பிடிப்பதையும், நீங்கள் பெஞ்சிலிருந்து எழுந்து கடையின் மறுபக்கம் நகர்வதையும் பாருங்கள். மனதுக்குள் சொல்ல ஒரே வாக்கியம் போதும்: 'நான் சிகரெட் பிடிப்பதில்லை.' விட முயற்சி செய்கிறேன் என்று சொல்லாதீர்கள். மாலை போட்டபோது நீங்கள் முயற்சி செய்யவில்லை, சாமியாகவே இருந்தீர்கள்.

பகலில் அதே காட்சிக்கு ஒரு 'வந்தால்' வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள். டீ கிளாஸ் கைக்கு வந்தால் கடைக்கு வெளியே நிற்கமாட்டேன், உள்ளே உட்காருவேன். கூட்டாளி நீட்டினால், 'விட்டுட்டேன் மாப்ள, நீட்டாத' என்பேன். ஏக்கம் வந்தால் ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்ப்பேன். ஒரு தடவை எழும் ஏக்கம் பெரும்பாலும் அதற்குள் தணிந்துவிடும். பெட்டிக்கடையில் கணக்கு நோட்டு இருந்தால் பாக்கியைக் கட்டி மூடிவிடுங்கள். சில்லறையாக ஒன்று வாங்குவது அவ்வளவு சுலபமாக இருக்கும்வரை மனஉறுதியை மட்டும் நம்ப முடியாது. லைட்டரைத் தூக்கி எறியுங்கள், பைக் டிக்கியில் இருப்பதையும் சேர்த்து.

டீயைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சிகரெட் புகை கல்லீரலைத் தூண்டி, டீ, காபியில் உள்ள கஃபீனை வேகமாக உடைக்க வைக்கிறது. நிறுத்தியபின் அந்த வேகம் குறையும், நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் அதே அளவு டீயின் கஃபீன் உடம்பில் அதிக நேரம் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் வரும். அதைச் சிகரெட் இல்லாத குறை என்று எண்ணித் திரும்பப் பிடித்தவர்கள் உண்டு. நிறுத்தும் நாளிலிருந்தே டீயைப் பாதியாக்குங்கள். காலையில் தம் அடித்தால்தான் வயிறு கழியும் என்ற கவலையும் பலருக்கு இருக்கும். அது வெறும் மனப்பிரமை இல்லை, நிகோடின் குடலைத் தூண்டத்தான் செய்கிறது. வெந்நீர், பழம், கீரை என்று சில வாரம் சமாளித்தால் குடல் தன் போக்குக்கு வந்துவிடும்.

மாலை இல்லாத காலத்தில் முதல் நாட்களைத் தாண்ட மருந்தின் உதவியை எடுத்துக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை. 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். எழுந்த அரைமணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிக்கிறவர் என்றால் 4 மில்லிகிராம் பொருத்தமாக இருக்கலாம், அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும். சாதாரண பபிள்கம் போல மெல்லக்கூடாது. காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்து, காரம் குறைந்ததும் மறுபடி மெல்லவேண்டும். டீ, காபி, ஜூஸ் குடித்துக் கால்மணி நேரத்துக்குள் போட்டால் நிகோடின் சரியாக உள்ளே போகாது. பலர் 'கம் வேலை செய்யவில்லை' என்று வந்து சொல்வதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டுதான் காரணம். இதய நோய் இருந்தாலும், சர்க்கரை, மனநோய், ஆஸ்துமா மாத்திரைகள் எடுத்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். சிகரெட் நின்றதும் சில மாத்திரைகளின் அளவை மாற்றவேண்டி வரும். சிகரெட் ஏக்கத்தைக் குறைக்க வரெனிக்லின், புப்ரோபியான் மாத்திரைகளும் உண்டு, அவையும் மருத்துவர் முடிவு செய்யவேண்டியவை.

அடுத்த மாலைவரை காத்திருக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். மூன்று மாதம் என்றால் இன்னும் 1260 சிகரெட். இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி குறித்து, அன்றைக்கு முழுசாக நிறுத்துங்கள். 2016இல் இங்கிலாந்தில் 697 பேரிடம் நடந்த ஆய்வில், இரண்டு வாரமாகக் குறைத்துக்கொண்டு வந்தவர்களில் 39 சதவீதம் பேர் நான்காவது வாரத்தில் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். ஒரேயடியாக நிறுத்தியவர்களில் அது 49 சதவீதம். தேதிக்கு முன் 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். இத்தனை நாளாகக் கையில் வைத்திருந்த பெட்டியின் மேல் அச்சாகியிருக்கும் எண்தான் அது.

அப்புறம், கார்த்திகை வந்தால் வழக்கம்போல மாலை போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இந்த முறை, மலையிலிருந்து திரும்பும் நாளுக்கும் முன்கூட்டியே ஒரு ஒத்திகை வேண்டும். வேன் வழியில் ஒரு டீக்கடையில் நிற்கும், எல்லோரும் இறங்குவார்கள், யாராவது பெட்டியைப் பிரிப்பார். அந்தக் காட்சியை ஐப்பசியிலிருந்தே இரவுதோறும் கண்ணை மூடி ஓட்டிப் பாருங்கள். பெட்டி உங்கள் பக்கம் வரும்போது நீங்கள் வேனுக்குள்ளேயே, ஜன்னல் ஓரமாக, வீட்டுக்குப் போன் செய்து பேசிக்கொண்டிருக்கவேண்டும்.