மிருதங்கக் கைக்கு மரிம்பா வருமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “பிளஸ் டூ முடிக்கப் போகிறேன். ஒன்பது வருடமாக மிருதங்கம். மேற்கத்தியக் கருவி எதையும் தொட்டதில்லை. பல நாட்டுத் தாளங்களும் சொல்லித்தரும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பெர்கஷன் படிக்க ஆசை. மிருதங்கத்தை மட்டும் வைத்து இடம் கிடைக்குமா? குச்சி பிடித்தால் கை கெட்டுவிடும் என்கிறார் வாத்தியார், நிஜமா?”

எந்த ஊர், எந்தப் பட்டம் என்பதைப் பொறுத்தது. கனெக்டிகட்டில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1963லேயே பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி டி. ரங்கநாதன் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். மிருதங்கம் என்றால் என்னவென்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது பி.ஏ., இசையோடு மற்ற பாடங்களும் சேர்ந்தே வரும். கலிஃபோர்னியாவில் கால்ஆர்ட்ஸ் என்ற கலைக்கல்லூரி வேறு மாதிரி, தாளவாத்தியக் கலைஞர் ஜான் பெர்காமோ வளர்த்த துறை, தபலா, கானாவின் எவே மக்களின் முரசுகள், பாலித் தீவின் கமெலான் என்ற வெண்கல வாத்தியக் குழு எல்லாம் அங்கே நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும், திண்ணையில் அல்ல. இன்னொரு வகை, வடக்கு டெக்சாஸ் மாதிரிப் பெரிய இசைக்கல்லூரிகள். அங்கே பூவாலூர் ஸ்ரீனிவாசன் பல வருடம் தென்னிந்தியக் குழு நடத்தினார். அப்படியிருந்தும் பெர்கஷனில் பி.மியூஸ், அதாவது இசைக்கே உரிய பட்டம், சேர வேண்டும் என்றால் ஸ்னேர் டிரம் (குச்சியால் வாசிக்கும் சிறு முரசு), மரிம்பா (மேலட் என்ற உருண்டைத் தலைக் குச்சியால் தட்டும் மரக்கட்டை வரிசை) என்றுதான் ஆடிஷன் கேட்பார்கள், சில இடங்களில் டிம்பனி என்ற கெண்டி வடிவ முரசும் உண்டு. நீங்கள் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைக் கேட்டு ரசிப்பார்கள், அப்புறம் ஒரு தாளை நீட்டி இதை வாசியுங்கள் என்பார்கள்.

அந்தத் தாள்தான் உங்கள் பிரச்சினை, குச்சி அல்ல. நானும் காதால் கற்று வளர்ந்தவன். முதல் பரீட்சையில் நான்கே வரி ஸ்னேர் நோட்டேஷனைப் பார்த்து வியர்த்து நின்றேன். அதையே யாராவது வாயால் சொல்லியிருந்தால் ஒரே தடவையில் வாசித்திருப்பேன். பிறகு ஒரு வழி பிடித்தேன்: நோட்டேஷனைச் சொற்கட்டாக, அதாவது வாயால் சொல்லும் தாளச் சொற்களாக மாற்றிப் படிப்பது. ஒரு எண்ணிக்கைக்குள் நான்கு பதினாறாம் பங்கு வந்தால் தகதிமி. ஐந்து வந்தால் தகதகிட, ஏழு வந்தால் தகிட தகதிமி. கூடப் படிப்பவர்கள் ஐந்தையும் ஏழையும் கண்டு திணறுவார்கள், உங்களுக்கு அது பழகிய கண்டமும் (ஐந்து) மிஸ்ரமும் (ஏழு), அவ்வளவுதான். ஆனால் கண் பழக நாள் பிடிக்கும். இன்றே ஆரம்பித்து தினம் இருபது நிமிடம், ஒரே கோட்டில் எழுதிய ஸ்னேர் பாடங்களை முதலில் கொன்னக்கோலாக, அதாவது சொற்கட்டாக வாயால் சொல்லிவிட்டு ரப்பர் பேடில் வாசியுங்கள். தப்பினாலும் நிறுத்தாதீர்கள், தாளத்தை விடாமல் அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். மரிம்பாவுக்கு மட்டும் ஒரு வாத்தியார் வேண்டும், அதை யூடியூபில் பார்த்துத் தானாகக் கற்க வேண்டாம்.

கை கெடுமா? மணிக்கட்டு கெடாது, சொல்லப்போனால் மிருதங்கம் கொடுத்த மணிக்கட்டுச் சுழற்சி குச்சிக்குப் பெரிய வரம். வேறு ஒரு சங்கடம் உண்டு. மரிம்பாவில் கைக்கு இரண்டாக நான்கு மேலட் பிடிக்கும்போது, ஸ்டீவன்ஸ் என்ற பிடிமுறையில் வெளிப்பக்கக் குச்சியைத் தாங்குவது சுண்டுவிரலும் மோதிரவிரலும். முதல் இரண்டு மாதம் அங்கே கொப்புளம் கிளம்பும். மிருதங்கத்தில் ‘நம்’ என்ற சொல்லை வாசிக்கும்போது நாம் கரணை (வலப்பக்கத் தோலின் நடுவில் உள்ள கறுப்பு வட்டம்) ஓரத்தில் மெல்லத் தொட்டு வைக்கிறோமே, அதே மோதிரவிரல்! தோல் உரிந்த விரலால் தொட்டால் நாதம் அடைத்துப் போகும். அதனால் காலையில் மிருதங்கம், மேலட் எல்லாம் அதற்கப்புறம். கை நிஜமாகவே கெடுவது ஆறு மணி நேரம் விடாமல் அடித்து, வலியை வீரம் என்று நினைத்துக்கொள்கிறவர்களுக்குத்தான். அணிவகுப்பு முரசுக் குழுவான டிரம்லைன் பக்கம் போனால் காதுக்கு அடைப்பான் கட்டாயம்.

பல நாட்டு இசை என்று ஆசைப்படுகிறீர்களே, அது உங்களை எங்கே உலுக்கும் என்று சொல்கிறேன். ஜாவா கமெலானில் நான் முதல் நாள் உட்கார்ந்தபோது பெரிய கோங் விழுந்ததும் அதுதான் சமம், சுற்றின் முதல் எண்ணிக்கை என்று மனதுக்குள் ஒன்று போட்டுக்கொண்டேன். எல்லோரும் ஒரு அடி தள்ளிப் போய்க்கொண்டிருப்பது போலவே இருந்தது. அங்கே கோங் விழுவது சுற்றின் கடைசி எண்ணிக்கையில். கனம் முழுக்க முடிவில். ஆனால் யோசித்துப் பாருங்கள், நம் கோர்வையும் (முடிவில் வாசிக்கும் கணக்கு) அப்படி எங்கிருந்தோ கிளம்பி சமத்தில் வந்து இறங்குவதுதானே? அதை நினைத்த பிறகுதான் பிடி கிடைத்தது. எவே இசையில் நம்மைப் போல் எண்ணிக்கையைக் கையால் போட்டுக் காட்ட மாட்டார்கள், பல ஆட்டங்களில் பன்னிரண்டு துடிப்புக்குள் ஏழு அடி விழும் ஒரு இரும்பு மணிதான் துணை. அதைக் கணக்குப் போட்டுப் பிடிக்கப் பார்த்தீர்கள் என்றால் தொலைந்தீர்கள், காலை அசைத்து ஆடியபடி கற்க வேண்டும். ஆர்க்கெஸ்ட்ராவில் இதற்கு நேர்மாறான தவம், சும்மா இருப்பது. த்வோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி முழுக்க சிம்பலுக்கு ஒரே ஒரு அடிதான். கச்சேரி முழுக்கக் கை ஓயாத நமக்கு அதுவரை எண்ணிக்கொண்டு காத்திருப்பது பெரும்பாடு.

கல்லூரி விளம்பரத்தில் பன்முகம் என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். சில இடங்களில் அது வாரம் ஒரு மணி நேர விருப்பப் பாடம். ஆசிரியருக்கே மெயில் எழுதி, முக்கியக் கருவியாக மிருதங்கத்தையோ தபலாவையோ எடுக்கலாமா, பட்டம் பெறும் கச்சேரியில் அதை வாசிக்க விடுவார்களா, மரிம்பா அறை இரவில் திறந்திருக்குமா என்று கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

மிருதங்கம் கொண்டுபோவதாக இருந்தால் வாருக்குப் பதில் போல்ட் போட்டது, கூடவே இரண்டு வலந்தலை மூட்டு (வலப்பக்கத் தோல்). குளிர்காலத்தில் அறை ஹீட்டர் தோலை உலர்த்தி சுருதியை ஏற்றிவிடும், கரணையும் வெடிக்கும். அங்கே மூட்டு மாற்றித் தர ஆள் கிடைப்பது கடினம். தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) பூச ரவை மட்டும் எந்த இந்தியக் கடையிலும் கிடைக்கும்.

விண்ணப்ப வீடியோ பெரும்பாலும் டிசம்பர் வாக்கில் கேட்பார்கள். அதில் ஸ்னேரும் மரிம்பாவும் கேட்டபடி இருக்கட்டும், கடைசியில் மூன்று நிமிடம் கண்ட நடையில் (ஐந்தைந்தாக) முதலில் வாயால் சொல்லிவிட்டு அதையே மிருதங்கத்தில் வாசியுங்கள். கேமராவைச் சற்று மேலே வைத்து எடுக்கச் சொல்லுங்கள், தொப்பிப் பக்கக் கையும் தெரிய வேண்டும்.