"ஆராய்ச்சிக்குப் போறேன்ங்கறா, சார்!"

செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறைத் தம்பிக்கு,

உங்கள் மகள் பாப்பா ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள் என்று போன ஞாயிற்றுக்கிழமை மூன்று கேள்வி கேட்டீர்கள்: அவள் சொல்லும் புரதம் நிஜமா, பணத்துக்கு என்ன செய்வது, எந்த வழியில் படிப்பது. ஒன்றுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பட்டறையிலிருந்து போன் வந்துவிட்டது. மீதியை எழுதி அனுப்புகிறேன். உங்கள் வீட்டம்மாவும் படிக்கட்டும்.

அம்மாவுக்குப் பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் வந்ததிலிருந்து டம்ளரைப் பிடித்துக் காபி கொடுப்பது பாப்பாதான் என்றீர்கள். "மூளை செல்லைக் காப்பாத்தற புரோட்டீன் இருக்காம், அதைப் படிக்கப் போறேன்" என்கிறாள், நீட் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்றும் சொன்னீர்கள். அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்பது உங்கள் முதல் சந்தேகம்.

இருக்கிறது. புரதமும் உங்கள் கொலுசுச் சங்கிலி மாதிரி கண்ணி கண்ணியாகக் கோத்ததுதான். கோத்த பிறகு அது தனக்கென்று உள்ள விதத்தில் மடிய வேண்டும், அப்போதுதான் வேலை செய்யும். பார்க்கின்சனில் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் தப்பாக மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, நரம்பு செல்லுக்குள் கட்டியாகத் தங்கிவிடுகிறது. இப்படிச் சிக்கு விழாமல் பார்த்துக்கொள்ளவும், விழுந்ததை எடுக்கவும் செல்லுக்குள்ளேயே ஆள் உண்டு. ஷேப்பரோன் புரதங்கள் என்பார்கள். அவற்றில் ஒரு பெரிய குடும்பத்துக்கு வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பெயர். பெயர் வந்த கதை வேடிக்கையானது. இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா என்பவர் பழ ஈக்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஈக்கள் இருந்த பெட்டியின் சூட்டை யாரோ ஏற்றிவிட, குரோமோசோமில் சில இடங்கள் மட்டும் உப்பி நின்றன. அதை அவர் 1962-இல் எழுதி வெளியிட்டார். அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு போனவர்கள்தான் பிற்பாடு இந்தப் புரதங்களைக் கண்டார்கள்.

"அப்ப அம்மாவுக்குப் புரோட்டீன் பவுடர் கொடுக்கலாமா சார்?" என்று வாசலில் நின்று கேட்டீர்களே, அதற்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாப்பிடுகிற புரதம் வயிற்றில் செரித்து உடைந்துவிடும், அது மூளைக்குப் போய்க் காவல் நிற்காது. அம்மா சாப்பிடுவது லெவோடோபா மாத்திரை என்றால், புரதம் நிறைந்த சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கும்போது மருந்து உடம்பில் சேர்வதே குறையலாம். மாத்திரை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் நரம்பு டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஜிடிஎன்எஃப் என்று ஒரு புரதம். பார்க்கின்சனில் சாகிற அதே வகை நரம்பு செல்களைக் காக்கிறது என்று 1993-இல் கண்டார்கள். ரத்தத்திலிருந்து அது மூளைக்குள் நுழையாது என்பதால், குழாய் வைத்து நேரே மூளைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். 2019-இல் வெளியான பிரிட்டிஷ் பரிசோதனையில்கூட எதிர்பார்த்த அளவுக்குப் பலன் தெரியவில்லை. 26 வருடம், தம்பி. பாட்டிக்கு மருந்து கண்டுபிடிக்க என்று கிளம்பினால் இரண்டாம் வருடமே மனசு ஒடிந்துவிடும். அந்தச் சங்கிலி ஏன் சிக்குகிறது என்ற கேள்வியே அவளைத் தூங்கவிடாமல் செய்கிறதா என்று பாருங்கள். அதுதான் தாங்கும்.

இனி பணம். கையில் கொண்டுவந்தீர்களே, "நியூரோ சயின்ஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்ட வழவழ கல்லூரி விளம்பரப் புத்தகம், அதை எடுத்து ஓரமாக வையுங்கள். அந்தக் கட்டணத்தைப் பார்த்து எனக்கே கை நடுங்கியது. ஆராய்ச்சிக்கு வரும் மாணவர் பரீட்சையில் தேறினால் அவருக்கே மாதாமாதம் பணம் கொடுப்பார்கள். சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. இளநிலைப் பட்டத்துக்கு லட்சக்கணக்கில் கேட்பவர் பெயர்ப் பலகையை விற்கிறார், அவ்வளவுதான்.

வழி இரண்டு சொல்கிறேன். ஒன்று ஐசர், மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம். திருவனந்தபுரம், திருப்பதி உட்பட ஏழு ஊரில் இருக்கிறது, ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ். நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் பதினைந்து பதினைந்து கேள்வி. பாப்பா கணக்கு எடுக்காத சயின்ஸ் குரூப் என்பதால் எழுதத் தடையில்லை, ஆனால் அந்தப் பதினைந்தில் கை வைப்பது கஷ்டம். அதனால் எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்திருக்கிறது. இங்கேயே அரசு கலைக் கல்லூரியில் வேதியியலோ விலங்கியலோ சேரட்டும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து படித்தவள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடைகால ஆராய்ச்சிப் பயிற்சிக்கு இரண்டாம் வருடம் விண்ணப்பிக்கட்டும். ஆய்வகத்தில் ஒரே சோதனையைப் பத்துத் தடவை செய்து பத்தும் சொதப்பும்போது அவள் யார் என்று அவளுக்கே தெரியும். அதன் பிறகு ஐஐடி ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்எஸ்சியோ, பெங்களூரு ஐஐஎஸ்சி என்கிற இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்டியோ. அங்கே மூளை ஆராய்ச்சி மையமே தனியாக இருக்கிறது. கோலார் மாவட்டம் ஸ்ரீனிவாசபுராவில் கிராமத்து ஆட்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனித்து, முதுமையில் மறதி எப்படி வருகிறது என்று பார்க்கிறார்கள். எலியும் சோதனைக்குழாயும் மட்டும்தான் ஆராய்ச்சி என்று பாப்பா நினைத்திருந்தால் இதைச் சொல்லுங்கள்.

நீட்டை அடியோடு விட வேண்டாம். அரசுப் பள்ளிக்காரர்களுக்கு 7.5 சதவீத இடம் இருக்கும்போது ஒரு தடவை எழுதிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. எம்பிபிஎஸ் முடித்தும் இதே ஆராய்ச்சிக்கு வரலாம். ஆனால் வருடா வருடம் கோச்சிங் என்று உட்கார வைக்காதீர்கள்.

வீட்டம்மாவின் கவலை புரிகிறது. பிஎச்டி முடிய இருபத்தெட்டு ஆகிவிடும், ஒளிக்க ஒன்றுமில்லை. எம்எஸ்சியோடு நிறுத்தினாலும் மருந்துக் கம்பெனிகளில் தரக்கட்டுப்பாடு, நோயறியும் ஆய்வகம், கல்லூரி ஆசிரியர் வேலைக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் என்று வாசல் உண்டு. சம்பளம் ஆரம்பத்தில் குறைவுதான்.

வருகிற ஞாயிறு காலை பாப்பாவையும் அழைத்து வாருங்கள், பத்தாவது, பதினொன்றாவது மார்க் ஷீட்டோடு. வந்ததும் நீங்கள் முக்குக் கடையில் போய் ஒரு டீ குடித்துவிட்டு மெதுவாகத் திரும்பினால் போதும். அவளிடம் தனியாகக் கொஞ்ச நேரம் பேச வேண்டும்.