மீதிப் பாதி எங்கே?

அன்புள்ள ஐயா,

நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வரும் சரக்கு வேகன், நின்றுகொண்டிருக்கும் அதே எடையுள்ள வேகனில் மோதிக் கோத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து 2 மீட்டர் வேகத்தில் போகும். உந்தம், அதாவது எடையை வேகத்தால் பெருக்கிய அளவு, மாறவில்லை. வேகத்தின் வர்க்கத்தை வைத்துக் கணக்கிடும் இயக்க ஆற்றல் மட்டும் பாதியாகிவிடுகிறது. மீதி எங்கே என்று பள்ளியில் கேட்டேன். "மீட்சியற்ற மோதல், அவ்வளவுதான்" என்றார்கள். முட்டாள்தனமான கேள்வி என்றால் மன்னியுங்கள். இரண்டில் எது உண்மையான அளவு? இயற்பியலை மறுபடி படிக்க எந்தப் புத்தகம் நல்லது?

மலர்விழி

அன்புள்ள மலர்விழி,

புத்தகம் இருக்கட்டும். முதலில் அந்த மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். "அவ்வளவுதான்" என்றதும் வாயை மூடிக்கொண்டீர்களே, அதுதான் தப்பு.

எது உண்மையான அளவு என்று ஐரோப்பாவே அரை நூற்றாண்டுக்கு மேல் சண்டை போட்டது. எடையை வேகத்தால் பெருக்கினால் போதும் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த்தின் கணக்கை 1686-இல் ஜெர்மன் அறிஞர் லைப்னிட்ஸ் தாக்கினார். வேகத்தின் வர்க்கம் வேண்டும் என்றார். லைடன் பேராசிரியர் ஸ்கிராவசாண்டே 1722-இல் பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் போட்டுப் பார்த்தார். வேகம் இரண்டு மடங்கானால் பள்ளம் நாலு மடங்கு. அதுவரை வர்க்கக் கணக்கை ஏற்காத நியூட்டன் கட்சிக்காரரான அவர் அதோடு மனம் மாறினார்.

சில நாட்களாக என் மனதில் ஓடுவது பிரெஞ்சு அறிவியலாளர் எமிலி து ஷாத்தலே. 1740-இல் தன் நூலில் லைப்னிட்ஸின் வர்க்கக் கணக்கை அவர் ஆதரித்தார். பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் செயலர் மேரான் அச்சில் கண்டித்தபோது, அச்சிலேயே வரிக்கு வரி பதில் கொடுத்தார். 1749-இல், 42 வயதில், நியூட்டனின் பெருநூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து உரையும் எழுதிவிட்டு, பிரசவமான சில நாட்களில் இறந்தார். இன்னமும் அவரை எழுத்தாளர் வோல்டேரின் காதலி என்றே அறிமுகம் செய்கிறார்கள். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

சரி, உங்கள் பாதி. அது தொலையவில்லை. தொலைந்தது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இணைப்பின் இரும்பு நெளிகிறது, சூடாகிறது, சத்தம் போடுகிறது. பெரிய பணத்தைச் சில்லறை மாற்றுவது போல என்று லைப்னிட்ஸ், நியூட்டன் பக்கம் நின்று வாதாடிய கிளார்க்குக்கு எழுதினார். உந்தம் ஏன் அப்படிச் சில்லறையாகிவிடவில்லை? அதற்குத் திசை உண்டு. அணுக்களின் நடுக்கம் எல்லாப் பக்கமும் இருப்பதால், உந்தம் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஆற்றலுக்குத் திசை கிடையாது, கூடிக்கொண்டே போகும். அதனால் ஆற்றல் உள்ளே பதுங்கலாம். உந்தத்துக்கு அந்த வழி இல்லை. இரண்டுமே உண்மையான அளவுகள்தான்.

அப்புறம் ஒரு வேலை தருகிறேன். அதே மோதலை, பக்கத்துத் தண்டவாளத்தில் 2 மீட்டர் வேகத்தில் அதே திசையில் போகும் ரயிலிலிருந்து பார்ப்பதாக வைத்துக் கணக்குப் போடுங்கள். அங்கே மொத்த உந்தம் பூஜ்யம், மோதியதும் இரண்டு வேகனும் நின்றுவிடும், இயக்க ஆற்றல் முழுவதும் வெப்பமாகிவிடும். ஆனால் அந்த வெப்பத்தின் அளவு, தரையிலிருந்து பார்த்தபோது நீங்கள் தேடிய பாதியேதான். போட்டுப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.